கதிரும் கற்றாழையும்



சில ஆண்டுகளுக்கு முன் காஞ்சிபுரத்தில் வாழும் என் தமக்கையாருக்குக் கழுத்தில் புற்றுநோய் கண்டது. கதிர்வீச்சுச் சிகிச்சை அளித்தார்கள். மூன்றாம் வாரத்தில் கழுத்துத் தோல் கருத்து, எரியத் தொடங்கியது. அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் கற்றாழை மடலும், இன்னொருவர் அரைத்த மஞ்சளும் கொண்டுவந்தனர். "தம்பி, நீ படித்தவனாயிற்றே, எதைப் பூசட்டும்?" என்று தமக்கையார் கேட்டார்கள். முப்பது ஆண்டுகள் பாடம் சொன்ன எனக்கு விடை தெரியவில்லை. மருத்துவரோ, "என்னைக் கேளாமல் எதையும் பூசாதீர்கள்" என்றார். அக்கேள்வியின் வரலாற்றைப் பின்னர் தேடிப் படித்தேன். அதையே இன்று கூற விழைகிறேன்.

1895ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் ராண்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். 1901இல் பிரெஞ்சு அறிஞர் பெக்கரல், ரேடியம் அடங்கிய சிறு குழாயைச் சட்டைப்பையில் வைத்திருந்து தோல் புண்பட்டார். நோயணுவை அழிக்கும் கதிர், தோலின் அடிப்பகுதியில் இடையறாது பெருகும் நல்ல அணுக்களையும் தாக்குகிறது. அணுவிலுள்ள நீரைச் சிதைத்து, மூர்க்கமாய் வினைபுரியும் துகள்களை அது தோற்றுவிக்கிறது. அத்துகள்களை அடக்கும் பொருள்கள் தாவரங்களில் உண்டு. மஞ்சளிலுள்ள குர்க்குமின் அவற்றுள் ஒன்று. ஆகவே தாவரங்களை நாடியது மூடத்தனமன்று.

1935இல் அமெரிக்காவில் காலின்ஸ் என்னும் பெயருடைய இருவர், எக்ஸ் கதிரால் தோல் புண்பட்ட ஒரு பெண்ணுக்குப் பச்சைக் கற்றாழை மடலால் குணம் கண்டதாக எழுதினர். நம் ஊரில் திருஷ்டி கழிய வாயிலில் கட்டும் அதே கற்றாழைதான்! அதன் புகழ் பரவியது. ஆயினும் ஒருவர் குணமடைந்தது கற்றாழையாலா, தானாகவா என்பதை எவ்வாறு அறிவது?

1996இல் வெளிவந்த ஆய்வொன்றில், மார்பகச் சிகிச்சை பெற்ற 194 பெண்களுள் ஒரு சாராருக்குக் கற்றாழைக் களிம்பும், மற்றவர்க்குக் கற்றாழை இல்லாத போலிக் களிம்பும் தரப்பட்டன. எது எவருக்கு என்பதை நோயாளியும் அறியார், மருத்துவரும் அறியார். முடிவில் இரு சாராருக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

மஞ்சளின் கதையும் கேளுங்கள். 2013இல் 30 பேரிடம் நடந்த ஆய்வில், நாள்தோறும் 6 கிராம் குர்க்குமின் உட்கொண்டவர்களுக்குத் தோல் பாதிப்புக் குறைந்தது. பலர் மகிழ்ந்தனர். 2018இல் வெளிவந்த, 686 பேர் பங்குகொண்ட பெரிய ஆய்விலோ அப்பயன் உறுதிப்படவில்லை. அதற்கு மாறாக, பிரான்சில் 254 பேரிடம் நடத்திய 2004ஆம் ஆண்டு ஆய்வில், சாமந்திக் குடும்பத்தைச் சேர்ந்த காலெண்டுலாப் பூவின் களிம்பு, வழக்கமான களிம்பைவிடத் தோலை நன்கு காத்தது. மிதமான அல்லது அதனினும் கடுமையான பாதிப்பு, வழக்கமான களிம்பில் 100க்கு 63 பேருக்கும், பூக்களிம்பில் 41 பேருக்கும் ஏற்பட்டது.

இவற்றால் நாம் கற்பது யாது? நம் பாட்டி சொன்னது என்பதாலேயே ஒன்று மெய்யாகிவிடாது. செடி கொடி என்பதாலேயே பொய்யாகியும் விடாது. என் தந்தையார் பட்டு நெய்தவர். "சாயம் போகாது" என்று சாயக்காரர் சத்தியம் செய்தாலும் ஒப்பமாட்டார். நூலைத் தண்ணீரில் அலசி, வெயிலில் உலர்த்திப் பார்த்த பின்பே தறியில் ஏற்றுவார். அது சாயக்காரருக்குச் செய்த அவமதிப்பன்று; சேலை உடுத்தப்போகும் பெண்ணுக்குச் செய்த மரியாதை.

காஞ்சியில் பிறந்த அறிஞர் அண்ணா, 1969ஆம் ஆண்டு புற்றுநோயால் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய புற்றுநோய் மருத்துவமனை, எங்கள் ஊரை அடுத்த காரைப்பேட்டையில் இருக்கிறது. அத்தகைய இடங்களில் தோல் எரியும் வேதனையோடு காத்திருப்பவர்களுக்கு நம் பெருமிதப் பேச்சு மருந்தாகாது. சோதித்தறிந்த உண்மையே மருந்தாகும். என் தமக்கையார் மருத்துவர் தந்த களிம்பையே பூசிவந்தார்கள். சிகிச்சை முடிந்த சில வாரங்களில் தோல் ஆறியது. கற்றாழையும் மஞ்சளும் கொண்டுவந்த அம்மையார்களின் அன்பை இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள். அந்த அன்புக்குச் சோதனையின் துணையைச் சேர்க்கும் பணி, மாணவர்களே, உங்களுடையது.