தண்ணிப் பொம்மர்

போன வருசம் பள்ளிக்கூட விடுமுறையில, விசுவமடுவுக்குக் கிட்ட ஒரு சனசமூக நிலையத்தில பிள்ளைகளுக்குப் படம் போட்டோம். வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர், சுவரில ஒரு வெள்ளை வேட்டி, இரண்டு பாய். படம் 2014இல் வந்த 'பிளேன்ஸ்: ஃபயர் அண்ட் ரெஸ்கியூ'. முதல் பாகத்தில ஓட்டப்போட்டி வென்ற டஸ்டி என்கிற மருந்தடிக்கிற குட்டி விமானம், இந்த இரண்டாம் பாகத்தில தீயணைக்கப் பழகுகிறது. இது போதும், சின்னப் பிள்ளையளுக்கு விளங்கும் எண்டுதான் தெரிவுசெய்தோம். ஆங்கிலத்தில ஓட, எங்களில ஒருத்தர் பக்கத்தில நின்று தமிழில சொல்லிக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த அம்மாமாரும் அம்மம்மாமாரும் பின்னுக்கு இருந்தினம். டஸ்டி பயிற்சிக்காகக் காட்டுக்கு மேல சரிந்து, பதிந்து வருகிற காட்சி. சத்தம் கூடக் கூட, பின் வரிசையில இருந்த ஒரு அம்மம்மா மடியில இருந்த பேத்தியின்ர பிடரியில கைவைத்துக் கீழே அமத்தினா. பிள்ளைக்குக் கோவம். "விடுங்கோ அம்மம்மா, அது தண்ணி ஊத்த வருது!"

அதே நேரம், மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவர் யோசிக்காமல் ஒரு சொல்லைப் போட்டுவிட்டார். ஆங்கிலத்தில இந்த விமானங்களை 'வோட்டர் பொம்பர்' எண்டு சொல்லுவார்கள். அவர் அதை அப்படியே "தண்ணிப் பொம்மர்" எண்டார். முன்னுக்கு இருந்த பெடியள் சிரித்தார்கள். பின்னுக்கு ஒருத்தரும் சிரிக்கேல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த இரண்டு வரிசைதான் எங்கட மண்டைக்குள்ள ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கட்டுரை அதிலயிருந்துதான் வருகுது.

ஒரே படத்தை வேற வேற ஆட்கள் வேற வேற மாதிரி வாசிப்பார்கள் எண்டது புதுக் கதை இல்லை. ஸ்டுவர்ட் ஹோல் 1973இலேயே தொலைக்காட்சியை வைத்து அதை எழுதிவிட்டார்: படம் எடுத்தவர் வைத்து அனுப்புகிற அர்த்தத்தைப் பார்க்கிறவர் அப்படியே எடுக்கலாம், பேரம் பேசி எடுக்கலாம், மறுத்தும் எடுக்கலாம். ஆனால் அந்த அம்மம்மா செய்தது இந்த மூன்றில எது? படத்தை அவ மறுக்கவில்லை. அவவுக்குத் தெரிந்த ஒரு வரலாற்றைக் கொண்டு வாசித்தா, அவ்வளவுதான். இதை "மனவடு" எண்டு ஒரு சொல்லில் மூடிவிட்டுப் போவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

வன்னியில விமானங்களுக்கு ஒரு அகராதியே இருந்தது. எண்பதுகளின் நடுவில வந்த இத்தாலிய எஸ்.எஃப்.260 விமானத்தின் பெயர் சனத்தின் வாயில் 'சியாமாசெட்டி' ஆனது. ஆட்களும் சாமானும் ஏற்றுகிற பெரிய விமானத்திலிருந்து பீப்பாய்க் குண்டுகளை உருட்டிவிட்டார்கள், அதுக்குப் பெயர் 'சகடை'. 1996இல் இஸ்ரேலிலிருந்து கிபிர் வந்தது. பிறகு விமானியே இல்லாமல் மேலே சுத்துகிற வேவு விமானம், அது 'வண்டு'. எந்தச் சத்தத்துக்குப் பங்கருக்குள் ஓட வேணும், எதுக்குக் குப்புறப் படுத்தால் போதும், எது போன பிறகும் வெளியே வரக்கூடாது எண்டதெல்லாம் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். வண்டு வந்தால் கொஞ்ச நேரத்தில கிபிரோ செல்லோ வரும் எண்டதும் தெரியும். 1999 புரட்டாசியில் மந்துவில் சந்தியில விழுந்த குண்டுகளும், 2006 ஆவணி 14 காலை வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கொன்ற குண்டுகளும் கிபிரில் வந்தவை. வள்ளிபுனம் நாங்கள் படம் போட்ட இடத்திலிருந்து தூரமில்லை.

இன்னொன்றும் இருக்கு. இந்தப் படத்தில மனிதர்களே இல்லை. விமானம், ஹெலி, தீயணைப்பு வண்டி, மண் தள்ளுகிற வண்டி எல்லாம் தாங்களே கதைக்கும், சண்டை பிடிக்கும், அழும். பிள்ளைகளுக்கு அது ஒரு கேள்வியே இல்லை. அந்த அம்மம்மா இடைவேளையில கேட்டா: "உதுகளை ஓட்டுறவன் ஆர்? ஒருத்தரையும் காட்டேல்லை." அந்த உலகத்தில ஓட்டுகிறவர் இல்லை எண்டு விளங்கப்படுத்தினோம். அவ தலையாட்டினா. யோசித்துப் பார்த்தால் எங்கட பேச்சும் அப்படித்தான் இருந்திருக்கு. 'கிபிர் வந்திட்டுது', 'கிபிர் அடிச்சிட்டுப் போட்டுது', 'வண்டு இண்டைக்கு முழுக்கச் சுத்துது' எண்டுதான் சொன்னோமே தவிர, அதுக்குள்ள இருந்த ஆளைப் பற்றி ஒரு வசனமும் எங்களிட்ட இல்லை. ஒரு முகமும் தெரியாது. தானாக நினைத்துத் தானாக வருகிற விமானங்களின் உலகத்தை டிஸ்னி வரைவதுக்கு முதலே சனம் அதுக்குள்ள இருந்துவிட்டது.

சரி, தீயணைக்கிற விமானம் எங்கயிருந்து வந்தது?

அமெரிக்காவில, கலிபோர்னியாவின் மென்டசினோ காட்டில 1953இல் ஒரு தீ. அதை அணைக்கப்போன 15 பேர் செத்தார்கள். தரையால ஆட்களை அனுப்புவதுக்கு மாற்று வேணும் எண்டு வனத்துறை தேடத் தொடங்கியது. 1955இல் வில்லோஸ் எண்ட சின்ன ஊரில பயிருக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த ஒரு ஸ்டியர்மன் விமானத்தின் வயிற்றில கதவு வெட்டி, 170 கலன் தண்ணி நிரப்பி, அதே காட்டில எரிந்த இன்னொரு தீயின் மேல கொட்டினார்கள். டஸ்டியும் மருந்தடிக்கிற விமானம் எண்டது அந்த வரலாற்றோடு நன்றாகப் பொருந்துது. ஆனால் ஸ்டியர்மன் பிறந்தது மருந்தடிக்க இல்லை, இரண்டாம் உலகப்போரில விமானிகளைப் பழக்க. போர் முடிந்து மலிவாக விற்றதை வாங்கித்தான் வயலுக்கு விட்டார்கள். அதுக்குப் பிறகு கப்பல்களை மூழ்கடிக்கக் கட்டிய அவெஞ்சர்களும், ஜெர்மன் நகரங்களை எரித்த பி-17களும் தொட்டி பூட்டித் தீயணைக்க வந்தன. நகரங்களைக் கொளுத்திய அதே வயிறு, அதே கதவு. தீயணைப்பதுக்கெண்டே கட்டின விமானம் பிறகுதான் வந்தது. கனடாவின் சி.எல்-215 முதல் பறந்தது 1967இல். அதன் தம்பி சி.எல்-415 ஏரியை உரசிக்கொண்டு போய் 12 செக்கனில ஆறாயிரம் லீற்றருக்கு மேல அள்ளும்.

ஆக, அம்மம்மா அந்த விமானத்தில பொம்மரைக் கண்டது பிழையில்லை. பேத்தி தண்ணியைக் கண்டதும் பிழையில்லை. படமே இதை அரைகுறையாகத் தெரிந்து வைத்திருக்கு: தீக்குள்ள ஆட்களை இறக்குகிற கபி எண்ட பெரிய விமானம் பழைய இராணுவ விமானம்தான். அதைப் படம் ஒரு பகிடியோடு கடந்துபோகுது. எங்களால அப்படிக் கடக்க ஏலாது.

ஏனெண்டால் எங்கட பக்கம் கதை மறுவளமாக ஓடியது. அங்க போர் விமானம் தண்ணி சுமந்தது. இங்க பயிற்சி விமானமும் சாமான் விமானமும் குண்டு சுமந்தன. சியாமாசெட்டி அடிப்படையில பயிற்சி விமானம். இதில ஒரு பக்கத்தை மட்டும் சொல்லுவதும் சரியில்லை. 2007 பங்குனி 26 கட்டுநாயக்காவில குண்டு போட்ட புலிகளின் விமானமும் செக் நாட்டில கட்டின, நாலு பேர் இருக்கக்கூடிய ஸ்லின் எண்ட சின்ன விமானம்தான். அண்டைக்கு வன்னியில பலர் அதை 'எங்கட பிளேன்' எண்டு வாசித்தார்கள், எங்கட வீடுகளிலும்தான். அதே இரவைக் கட்டுநாயக்காப் பக்கம் ஒரு தாய் பிள்ளையின்ர பிடரியை அமத்திக்கொண்டு வாசித்திருப்பா. இந்த வசனத்தை எழுத எங்களுக்குக் கனநேரம் எடுத்தது.

இனிப் படத்தின் கதைக்கு வருவோம். டஸ்டியின் கியர்பொக்ஸ் பழுதாகுது. அந்தப் பாகம் இப்ப ஒருத்தரும் செய்வதில்லை, எங்க தேடியும் கிடைக்காது. அமெரிக்க விமர்சகர்கள் சிலர் இதை விளையாட்டுவீரனின் காயம் எண்டு வாசித்தார்கள். எங்கட கூட்டத்தில இருந்த ஒரு ஐயா, கராஜ் வைத்திருந்தவர், உடனே சொன்னார்: "உது தடை." 1990இலிருந்து 2002 சமாதானம் வரைக்கும் பற்றரி, எரிபொருள், சீமெந்து, உரம், வாகன உதிரிப்பாகம் எல்லாம் வன்னிக்குள்ள வரத் தடையோ கட்டுப்பாடோ இருந்தது. மோட்டச்சைக்கிளை நாலு துளி பெற்றோலில ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில ஓடினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டார்கள். அதனால படத்தில அந்த ஐயாவுக்குப் பிடித்த ஆள் டஸ்டியும் இல்லை, ஹெலித் தலைவர் பிளேட் ரேஞ்சரும் இல்லை. பழைய பாகங்களை ஒட்டி, தட்டி, புதுசை விடத் திறம் எண்டு சொல்லித் தருகிற மரு எண்ட மெக்கானிக்தான். கடைசியில கியர்பொக்ஸையும் அவர்தான் செய்து முடிக்கிறார். ஐயா கைதட்டினார். படம் முழுக்க அவர் கைதட்டினது அந்த ஒரு இடத்துக்குத்தான்.

எங்களுக்கு, அதாவது இறுதிப்போரில சின்னப் பிள்ளைகளாக இருந்து பிறகு வளர்ந்த ஆட்களுக்கு, உறைத்தது வேற இடம். டஸ்டியின் ஊர் விமான நிலையத்தை மூடிவிடுகிறார்கள். காரணம், அங்க இருக்கிறது ஒரேயொரு கிழட்டுத் தீயணைப்பு வண்டி. இரண்டாவது தீயணைப்பாளர் வரும்வரைக்கும் திறக்க முடியாது எண்டது சட்டம். இதைப் பார்த்தபோது எங்களில இரண்டு பேர் ஒரே நேரத்தில ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம்.

2016 புரட்டாசி 16 இரவு கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்தது. நூறுக்கும் மேற்பட்ட கடைகள். போர் முடிந்து ஏழு வருசத்தில கடனெடுத்து, நகை அடைவு வைத்துப் போட்ட கடைகள். மாவட்டத்துக்கெண்டு ஒரு தீயணைப்புப் பிரிவும் அப்ப இல்லை. வண்டி வரவேணுமெண்டால் யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய 65 கிலோமீற்றர். அது வந்து சேரும்வரை சனமும் படையினரும் கையில கிடைத்ததோடு நின்றார்கள். தீயணைப்புப் பிரிவு ஒன்று கிளிநொச்சிக்கு வந்தது அதுக்குப் பிறகுதான், ஊர் கத்திக் கேட்டதுக்குப் பிறகு. வானத்திலிருந்து வருசக்கணக்காக நெருப்பு வந்த ஒரு ஊருக்கு, தரையில ஒரு தண்ணி வண்டி இருக்கவில்லை. கார்ட்டூன் விமான நிலையத்துக்கு இருந்த சட்டம் எங்களுக்கு இருக்கவில்லை எண்டு அண்டைக்கு இருட்டில இருந்து நினைத்தபோது சிரிப்பும் வந்தது.

படத்தில இன்னொரு சங்கதி: பூங்காவின் மேலதிகாரி தன்ர ஆடம்பர விடுதியைக் காப்பாற்றத் தண்ணியை அந்தப் பக்கம் திருப்பிவிடுவார். அதுக்கு எங்கட கூட்டத்தில ஒரு விளக்கமும் தேவைப்படேல்லை.

இலங்கையில வானத்திலிருந்து தீயணைப்பது இப்ப நடக்குது. 2021 வைகாசியில கொழும்புக் கடலில எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது விமானப்படையின் பெல் 212 ஹெலி இரசாயனத் தூளைக் கொட்டியது. மலையகக் காட்டுத்தீக்கு ஹெலியில வாளி கட்டித் தொங்கவிட்டுத் தண்ணி ஊத்துகிறார்கள். தமிழ்நாட்டில 2018 பங்குனியில குரங்கணிக் காட்டுத்தீயில மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2024இல் குன்னூர்ப் பக்கம் காடு எரிந்தபோது இந்திய விமானப்படையின் எம்.ஐ-17 வாளியோடு வந்தது. ஆனால் பெல் 212 எண்ட பெயரைக் கேட்டவுடன அந்த ஐயா நிமிர்ந்தார். எண்பதுகளிலிருந்து துவக்கு பூட்டி வந்து 'ஹெலி அடிக்குது' எண்டு சனத்தை ஓடவைத்தது அந்த வகை ஹெலிதான். ஸ்டியர்மனுக்கு நடந்தது பெல் 212க்கும் நடந்திருக்கு. கலிபோர்னியாக்காரர் அதை ஒரு முன்னேற்றக் கதையாகச் சொல்லலாம். இங்க அந்த இயந்திரம் மாறினதை அறிவித்தவரும் இல்லை, முதல் செய்ததைப் பற்றி ஒரு சொல் கதைத்தவரும் இல்லை. அது நடக்காமல், ஹெலியை ஹெலியாகப் பாருங்கோ எண்டு அம்மம்மாவிட்ட எப்பிடிச் சொல்லுவது?

படம் முடிந்து பிள்ளைகளிட்ட என்ன பிடித்தது எண்டு கேட்டோம். கனபேர் சொன்னது, டஸ்டி நீர்வீழ்ச்சியில தண்ணி அள்ளுகிற இடம். பிடரியை அமத்தின பேத்தி எழும்பி, எங்கட ஊரில தீப்பிடித்தால் பிளேன் எங்க தண்ணி அள்ளும் எண்டு கேட்டாள். ஒரு பெடியன் "கல்மடுக்குளம்" எண்டான். இல்லை, அது காணாது, இரணைமடு எண்டான் இன்னொருத்தன். இரணைமடுவில புலிகளின் ஓடுபாதை இருந்ததும், இப்ப விமானப்படைத் தளம் இருப்பதும் அவனுக்குத் தெரியாது. நாங்களும் அந்த நேரம் சொல்லேல்லை. பின்னுக்கு இருந்த ஒரு தகப்பன், வயல்காரர், அதுவரைக்கும் வாயே திறக்காதவர், குறுக்கிட்டார்:

"இரணைமடுவில அள்ள விடமாட்டம். சிறுபோகத்துக்கே தண்ணி காணாது."