பனிமலை கடந்த பாலகன்

நோர்வே நாட்டிலே சிறுபிள்ளைகளும் கண்டவுடன் இன்னதென்று சொல்லக்கூடிய ஓவியம் ஒன்று உண்டு. கனூட் பெர்க்ஸ்லியென் என்னும் ஓவியர் 1869ஆம் ஆண்டில் அதனைத் தீட்டினார். எங்கணும் வெண்பனி. மலைச்சரிவிலே வீரர் இருவர் காலில் நீண்ட சறுக்குப் பலகைகளைப் பூண்டு விரைந்து வருகின்றனர். ஒருவன் படைக்கலம் தாங்கியவன். மற்றவன் ஒரு குழந்தையை மார்போடு அணைத்திருக்கின்றான். அக்குழந்தை அரசகுமாரன். அவனைக் கொல்லத் தேடும் பகைவரிடமிருந்து காப்பாற்றி மலைக்கு அப்பாலுள்ள நகருக்குக் கொண்டு செல்கின்றனர். வீரமும் பரிவும் ஒருங்கே விளங்கும் சித்திரம் அது.

ஆயினும், கைக்குழந்தையோடு ஒருநாட் பயணம் போய்வந்த தாய்மார் எவரேனும் அவ்வோவியத்தை உற்று நோக்குவாராயின், முதலில் அவர் கேட்கக்கூடிய கேள்வி வேறொன்று. மூட்டை எங்கே? மாற்றுத் துணி எங்கே? பிள்ளைக்கு உண்ணக் கொடுப்பது என்ன? தாய் எங்கே? நேயர்களே, இக்கேள்விகளை வைத்துக்கொண்டே அப்பழைய வரலாற்றை இன்று நோக்குவோம்.

சறுக்குப் பலகை நம்மவர்க்குப் பழக்கமில்லாத பொருள். நீண்டு ஒடுங்கி, நுனி மேல்நோக்கி வளைந்த பலகைகள் இரண்டினைக் காலிற் பிணைத்துக்கொண்டால், மனிதனின் பாரம் பரந்து விழும். ஆளை விழுங்கும் ஆழமான பனியிலும் அவன் புதையாமல் மேலே வழுக்கிச் செல்வான். வடநாட்டார் இதனை ஸ்கீ என்பர். பிளந்த மரத்துண்டு என்பதே அச்சொல்லின் பழம்பொருள். இன்று இது உல்லாச விளையாட்டாகிவிட்டது. அன்று நோர்வேயின் மலைநாட்டிலே மாரிக்காலத்தில் அயலூருக்குப் போவதற்கும் வேட்டைக்குச் செல்வதற்கும் இதுவே கால்.

குழந்தையின் கதைக்கு வருவோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொடங்கிய உள்நாட்டுப் போர் நோர்வேயை நெடுங்காலம் அலைக்கழித்தது. அப்போரிலே ஒரு கட்சியினருக்குப் பிர்க்கெபெய்னர் என்று பெயர். 'பூர்ச்சங்காலர்' என்று நாம் அதனைத் தமிழாக்கலாம். காலணி வாங்க வகையற்று, பூர்ச்ச மரப்பட்டையைக் காலிலே சுற்றிக்கொண்டு காட்டில் திரிந்தவர் என்று பகைவர் எள்ளி இட்ட பெயர் அது. பின்னர் அவர்களே அதனைப் பெருமையோடு சூடிக்கொண்டனர். எதிர்க்கட்சியினர் பாக்லர் எனப்பட்டனர். பூர்ச்சங்காலரின் அரசன் மூன்றாம் ஹாக்கொன் 1204ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திடீரென இறந்தான். நஞ்சூட்டப்பட்டான் என்ற பேச்சும் எழுந்தது. அவன் இறந்த சில மாதங்களில், வார்ட்டெய்க் என்னும் ஊரைச் சேர்ந்த இங்கா என்பவள் ஓர் ஆண்மகவை ஈன்றாள். அது இறந்த அரசனின் பிள்ளை என்றாள். அவ்வூர் இருந்ததோ பாக்லரின் ஆதிக்கம் மிகுந்த பகுதி. ஊர்ப் பாதிரியார் ஒருவர் குழந்தைக்கு மறைவிலே ஞானஸ்நானம் செய்து, தந்தையின் பெயரையே இட்டு, ஓராண்டுக்கு மேல் ஒளித்து வளர்த்தார்.

மறைத்து வைத்தல் எத்தனை நாளைக்கு இயலும்? வடக்கே நிடாரொஸ் நகரிலே, இன்று ட்ரொண்ட்ஹெய்ம் என வழங்கும் இடத்திலே, பூர்ச்சங்காலரின் புதிய அரசன் இங்கெ இருந்தான். அவனிடம் சேர்ப்பித்தாற் குழந்தை பிழைக்கும். 1205ஆம் ஆண்டு முடிந்து 1206 பிறக்கும் மாரிக்காலத்தில், தாயையும் சேயையும் அழைத்துக்கொண்டு ஒரு சிறு கூட்டம் வடக்கு நோக்கிப் புறப்பட்டது. வழியிலிருந்த ஹாமர் நகரின் மேற்றிராணியார் அரச குடும்பத்துக்கு நண்பரல்லர். அவர் காட்டிய உபசாரத்தை நம்ப அஞ்சி, நத்தார்க் காலத்திலே அங்கிருந்து நழுவி லில்லஹாமருக்குச் சென்று ஒளிந்தனர். பள்ளத்தாக்கு வழியே செல்வது பகைவர் கையில் வலிய விழுவதாகும். எஞ்சியது மலை. கிழக்கே மலையைத் தாண்டி ஒஸ்டர்டாலென் பள்ளத்தாக்கை அடைய வேண்டும்.

இப்பயணத்தை விரிவாகக் கூறுவது ஐஸ்லாந்துக்காரரான ஸ்துர்லா தோர்தர்சன் எழுதிய ஹாக்கொன் சரிதை. 1264, 1265ஆம் ஆண்டுகளில், ஹாக்கொனின் மகன் மாக்னுஸ் பணித்தபடி அஃது எழுதப்பட்டது. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே ஏறக்குறைய அறுபது ஆண்டுகள். எழுதியவர் அரச குடும்பத்தின் வெறும் துதிபாடகர் என்றும் சொல்ல இயலாது. அவருடைய சிறிய தந்தையாரான ஸ்னொரி 1241இல் கொல்லப்பட்டது இதே ஹாக்கொனின் ஆணையின் பின்னரே. ஆதலால் அவர் தரும் சிறு விவரங்களுக்கு மதிப்புண்டு என்பது என் எண்ணம். புகழ்பாடுகின்றவன் வீரரின் வேகத்தைப் பாடுவானேயன்றி, குழந்தைக்கு உணவில்லாத சங்கதியை எழுதுவானா?

ஸ்துர்லா அதை எழுதியிருக்கின்றார். கடும் புயல் வீசியது. கூட்டத்தார் வழி திகைத்தனர். சறுக்குவதில் வல்லவரான தோர்ஸ்டெய்ன் ஷெவ்லா, ஷெர்வால்ட் ஸ்குருக்கா என்னும் இருவரிடம் குழந்தையை ஒப்புவித்து முன்னே செல்லவிட்டனர். ஓவியம் காட்டுவது இக்கட்டத்தை. ஆளற்ற குடில்களை அடைந்து தீ மூட்டினர். கூரைப்பனி உருகி உள்ளே சொட்டியது. குழந்தைக்கு ஊட்ட வேறொன்றுமின்றிப் பனியை உருக்கி அந்நீரையே வாயில் விட்டனர் என்கிறது சரிதை.

இதன் கொடுமையை உணர வேண்டுமாயின் குளிரின் இயல்பொன்றை அறிதல் வேண்டும். சறுக்கிச் செல்பவன் ஓயாது உடலை இயக்குகின்றான், அவன் உடலிற் சூடு பிறக்கின்றது, உறைபனியிலும் வியர்க்கின்றது. அவன் சுமந்து செல்லும் குழந்தையோ அசைவின்றி இருக்கின்றது. சிறிய உடல், எடைக்கு ஒப்பிட்டால் தோலின் பரப்பு மிகுதி, ஆகவே வளர்ந்தவரினும் விரைவிலே வெப்பத்தை இழக்கின்றது. தனக்கு வெப்பமாயிருக்கின்றதே, பிள்ளைக்கும் அப்படித்தான் என்று சுமப்பவன் நினைத்துவிடுவது எளிது. போதாக்குறைக்கு, குளிர் மிகும்போது குழந்தை அழுது கூப்பிடும் என்றும் நம்புவதற்கில்லை. மெல்ல அடங்கி உறங்கிப்போகும். வழக்கமாகத் தாய்க்கு ஆறுதலளிக்கும் அந்த உறக்கமே இங்கு அபாயக்குறி.

சுமையையும் எண்ணிப் பாருங்கள். பெர்க்ஸ்லியெனின் வீரன் குழந்தையை ஒரு கையால் அணைத்திருக்கின்றான். ஹாக்கொனுக்கு அப்போது வயது ஏறக்குறைய ஒன்றரை. அவ்வயதுப் பிள்ளை சாதாரணமாகப் பத்துக் கிலோ நிறையிருக்கும். கம்பளியையும் தோலையும் சுற்றினால் இன்னும் கூடும். அத்தனையையும் ஒரு கையிலே தாங்கி மலைச்சரிவிலே சறுக்குதல் ஓவியத்தில் எழிலாக இருக்கும். நிலத்திலே ஒரு முறை தடுக்கினால் போதும். குழந்தையின் மேலே வீரன் விழுவான். விவரமறிந்தவர் முதுகிலே கட்டித்தான் கொண்டு சென்றிருப்பர் என்றே நினைக்கத் தோன்றுகின்றது. ஓவியர் நிகழ்ச்சிக்கு அறுநூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின் வந்தவரல்லவா?

இந்நிறையைப் பற்றி இன்னொரு வேடிக்கையும் உண்டு. அப்பயணத்தின் நினைவாக 1932ஆம் ஆண்டு முதல் ரேனாவுக்கும் லில்லஹாமருக்கும் இடையே ஐம்பத்துநான்கு கிலோமீற்றர் தூரச் சறுக்கோட்டப் போட்டி நடத்தப்பட்டு வருகின்றது. ஓடுகின்ற ஒவ்வொருவரும் முதுகிலே ஒரு பொதி சுமக்க வேண்டும், அது 3.5 கிலோவுக்குக் குறையலாகாது. அது அரசகுமாரனின் அடையாளமாம். 3.5 கிலோ பிறந்த குழந்தையின் நிறை. உண்மையான ஹாக்கொன் அதனைப்போல் மும்மடங்கு இருந்திருப்பான். நினைவு விழாக்கள் பழைய சுமைகளை இலேசாக்கிவிடுவது உலக வழக்கம் போலும்.

மலைக்கு அப்பால் நடந்ததையும் ஓவியம் காட்டவில்லை. ஒஸ்டர்டாலென் பள்ளத்தாக்கின் உழவர்கள் அக்கூட்டத்தாரை ஏற்று, குதிரை கொடுத்து, வழிகாட்டி அனுப்பினர். அவ்வுதவியின்றி நிடாரொஸ் வரை சென்றிருத்தல் அரிது. குழந்தையைக் காத்தவர் இருவர் என்று ஊர்ப்பேச்சு கூறும். உருகிய பனி நீரும், உழவர் தந்த குதிரைகளும், உடன்வந்த தாயும் சேர்ந்து காத்தனர் என்பதே சரிதை தரும் கணக்கு.

பின்வந்த நூற்றாண்டுகளில் வடநாட்டார் இக்கணக்கை ஒவ்வொரு பொருளாகச் சீர்செய்து வந்தனர். முதலாவது, சுமக்கும் முறை. நோர்வேயின் வடகோடியில் வாழும் பழங்குடியினர் சாமி எனப்படுவர். நம் செவிக்கு விந்தையான பெயர்தான். கலைமானைப் பூட்டி இழுக்கும் படகு வடிவான சறுக்குவண்டி அவர்களுடையது. அதன் வழிவந்த புல்க் என்னும் சிறு வண்டியிலேதான் இன்று நோர்வேப் பெற்றோர் மிகச் சிறிய பிள்ளைகளை மலைக்கு இழுத்துச் செல்கின்றனர். தந்தையின் இடுப்புப் பட்டையையும் வண்டியையும் கயிற்றால் இணைப்பதில்லை. விறைப்பான இரண்டு தண்டுகளால் இணைக்கின்றனர். கயிறாயின் இறக்கத்திலே வண்டி உருண்டு வந்து இழுப்பவனின் காலை வாரிவிடும். உள்ளே ஆட்டுத்தோல் விரிப்பு. முன்னே காற்றுத் தடுப்பு. பின்னால் வருபவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வருதல் முறை. நின்று நின்று கையுறைக்குள்ளும் காலுறைக்குள்ளும் விரலை விட்டுச் சூட்டைச் சோதித்தல் வேண்டும்.

அடுத்து உடை. நமக்கு உற்ற நண்பனான பருத்தித் துணி அங்கே பகைவன். வியர்வையோ பனியோ பட்டு நனைந்தாற் பருத்தி எளிதில் உலராது. உடலின் சூட்டை உறிஞ்சும். கம்பளி நனைந்தபோதும் ஓரளவு வெப்பம் காக்கும். ஆகவே உடலைத் தொடுவது கம்பளி, அதன்மேல் இன்னொரு கம்பளி, எல்லாவற்றிற்கும் மேலே காற்றுப் புகாத அங்கி என்று அடுக்குகின்றனர். கையுறைகள் மட்டும் இரண்டு மூன்று சோடி மிகையாக வைத்திருப்பர். பிள்ளைகள் முதலில் நனைப்பதும் தொலைப்பதும் அவற்றைத்தானே!

மூன்றாவது உணவு. ஹாக்கொன் சற்று வளர்ந்த பின் நடந்த ஒன்றினை ஸ்துர்லா சொல்கின்றார். குளிரிலே வெண்ணெய் கல்லாகி ரொட்டியிற் பூச முடியாதிருந்ததாம். சிறுவன் ரொட்டியை எடுத்து வெண்ணெய்க் கட்டியைச் சுற்றிக் கட்டினானாம். பனியிலே உணவு எடுத்துச் செல்வோர்க்கெல்லாம் உரிய தொல்லை அது. பொதியில் வைத்தது உண்ணும் வேளையிற் கல்லாயிருக்கும். 1892இல் டிவார் என்னும் விஞ்ஞானி வெற்றிடக் குடுவையை அமைத்தார். 1904இல் தேர்மொஸ் என்ற பெயரோடு அது சந்தைக்கு வந்தது. பனியை உருக்கித் தீரவேண்டிய நிலை மாறி, நடுமலையிலும் பிள்ளைக்குச் சூடான பானம் கொடுக்கும் வசதி அதன் பின்னரே வாய்த்தது.

பொருள்கள் திருந்தினும் மலை திருந்தவில்லை. 1967ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் நோர்வே மலைகளிலே பதினெட்டுப் பேர் மாண்டனர். அதன்பின், மலைச்சுற்றுலாச் சங்கமும் செஞ்சிலுவைச் சங்கமும் மலையில் நடந்துகொள்ளும் விதிகளை நாடெங்கும் பரப்பின. வானிலையை அறிந்து புறப்படுக, போகும் வழியைப் பிறர்க்குச் சொல்லிச் செல்க, காலத்தோடு திரும்புக, திரும்புவதில் வெட்கமில்லை என்ற போக்கிலே அமைந்தவை அவை. 1937 முதல் விற்பனையாகும் க்விக் லுன்ஷ் என்னும் சொக்கலேற்றின் உறைக்குள்ளும் அவ்விதிகளை அச்சிட்டனர். மலையிலே சொக்கலேற்றைப் பிரிக்காத பிள்ளை ஏது? எந்தச் சுவரொட்டியும் எட்டாத கண்களை அவ்வுறை எட்டியது.

திரும்புவதில் வெட்கமில்லை என்ற விதியைப் படிக்கும்போது பூர்ச்சங்காலரை நினையாமல் இருக்க முடிவதில்லை. புயலிலே வழி தவறியபோது அவர்களுக்குத் திரும்பும் இடம் இருக்கவில்லை. பின்னாலிருந்தது பகைவர் நாடு. இன்றைய தந்தையார் புல்க் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். இவ்வேறுபாட்டை ஓவியத்தின் அழகிலே நோர்வேக்காரர் சிலர் மறந்துவிடுகின்றனர்.

குழந்தை நிடாரொஸை அடைந்தது. இங்கெ அரசன் அதனை ஏற்றுக்கொண்டான். அவன் இறந்த 1217ஆம் ஆண்டிலே ஹாக்கொன் பதின்மூன்று வயதில் மன்னனானான். பிறப்பிலே ஐயம் கொண்டோர் வாய் ஓயவில்லை. 1218இல் பெர்கன் நகரிலே, பிள்ளை அரசனுக்குப் பிறந்தவனே என்று நிறுவும்பொருட்டு, இங்கா பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையிலே தாங்கினாள். குறித்த நாளிற் கட்டவிழ்த்தபோது புண் தூய்மையாயிருந்ததென்று சோதனையில் வென்றவளாக அறிவிக்கப்பட்டாள். பனியையும் நெருப்பையும் அம்மகனுக்காகக் கடந்த அத்தாய்க்கு, ஓவியத்திலே இடமில்லை. 1994இல் லில்லஹாமரில் நடந்த மாரிக்கால ஒலிம்பிக் விழாவின் சின்னங்களாக ஹாக்கொன், கிறிஸ்ரின் என்னும் சிறுவர் இருவரை அமைத்தனர். கிறிஸ்ரின் ஹாக்கொனின் அத்தை. அங்கும் இங்காவைக் காணோம்.

ஹாக்கொன் நாற்பத்தாறு ஆண்டுகள் அரசாண்டான். உள்நாட்டுப் போர் அவன் காலத்திலே 1240இல் ஓய்ந்தது. 1263ஆம் ஆண்டு திசம்பரில், ஒர்க்னித் தீவின் கேர்க்வோல் நகரிலே நோயுற்றுக் கிடந்தபோது, முதலில் இலத்தீன் நூல்களை வாசிக்கக் கேட்டான். அவற்றைத் தொடர்ந்து கேட்கக் களைப்பு மிகுதியாகவே, தாய்மொழியிலே முன்னோர் சரிதைகளை வாசிக்கச் செய்தான். பாட்டனாரான ஸ்வெர்ரெயின் கதை முடிந்த இரவிலே அவன் மூச்சு ஒடுங்கியது. பனிமலை கடந்த தன் கதையை வாசிக்கச் சொல்லிக் கேட்க அவனுக்கு வழியில்லை; அதனை எழுத ஸ்துர்லா ஏட்டை விரித்தது அடுத்த ஆண்டிலேயே.