அம்பாசிடரில் சுற்றியிருந்த வெள்ளைக் கயிறு

பி.காம். படிக்கிறவனுக்குக் கார் எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். கேளுங்கள், ஆனால் கடைசி வரை படித்துவிட்டுக் கேளுங்கள் :)

திருத்தணியில் என் மாமாவிடம் ஒரு பழைய பெட்ரோல் அம்பாசிடர் இருக்கிறது. சித்திரை வெயிலில் மலைக்கோயில் பாதையில் ஏற்றினால் பாதி வழியில் நின்றுவிடும். பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போட்டு, ஆறின பிறகுதான் கிளப்ப முடியும். அம்பாசிடர் ஓட்டிய யாரைக் கேட்டாலும் இந்த ஈரத்துணி வைத்தியத்தைச் சொல்வார்கள்.

ஏன் நிற்கிறது? அதற்குக் கொஞ்சம் சரித்திரம் வேண்டும். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957-ல் அம்பாசிடர் என்ற பெயரில் கொண்டு வந்தது. (அப்போது திருத்தணியே ஆந்திராவில்தான் இருந்தது. 1960 ஏப்ரல் 1-ல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது.) அந்த எஞ்சினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். எரிந்த புகையை சிலிண்டர்களிலிருந்து வாங்கி சைலன்சருக்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய்தான் மேனிஃபோல்டு. குளிர் நாட்டில் அந்தச் சூடு கார்புரேட்டருக்கு நல்லது, பெட்ரோல் சுலபமாக ஆவியாகும். நம் ஊரில் வெயிலே நாற்பது டிகிரியைத் தாண்டும்போது பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, குமிழி அடைத்துக்கொள்கிறது. மெக்கானிக்குகள் இதை வேப்பர் லாக் என்பார்கள்.

மாமா காரில் யாரோ எப்போதோ இதற்கு ஒரு வழி பார்த்திருக்கிறார்கள். எக்ஸாஸ்டைச் சுற்றி அழுக்கு வெள்ளையாக ஒரு கயிறு. போன மாதம் பட்டறையில் அதைக் கழற்றினார்கள். "ஆஸ்பெஸ்டாஸ் கயிறு தம்பி, பழைய சரக்கு, இப்ப இந்த மாதிரி கிடைக்காது" என்றார் மெக்கானிக் அண்ணன், பெருமையாக. என்னைவிடச் சின்னப் பையன் ஒருவன் அதை வெறும் கையால் பிய்த்தான். பஞ்சு மாதிரி பறந்தது. வாயால் ஊதினான்.

ஆஸ்பெஸ்டாஸ் என்றால் கல்நார். மண்ணுக்குள் கிடைக்கும் கனிமம், ஆனால் நூலாகப் பிரியும், தீப்பிடிக்காது. நீராவி எஞ்சின் காலத்திலிருந்தே சூடான குழாய்களுக்கு அதைச் சுற்றினார்கள். பிறகு கார் பிரேக், கிளட்ச், கேஸ்கெட் எல்லாவற்றிலும் வந்தது. நமக்குப் பக்கத்தில் கடப்பா மாவட்டம் புலிவெந்துலாவிலேயே தோண்டி எடுத்திருக்கிறார்கள். அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. நோய் தெரிய இருபது, முப்பது வருடம்கூட ஆகும்.

இனிதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். இங்கிலாந்தில் கல்நார் ஆலையில் வேலை செய்த நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924-ல் இறந்தார். அவர் நுரையீரலை ஆராய்ந்த டாக்டர் குக் அதே வருடம் மருத்துவ இதழில் எழுதினார். 1930-ல் மெரிவெதர், பிரைஸ் இருவரும் அரசுக்கு அறிக்கை கொடுத்தார்கள். 1931-ல் ஆலைத் தூசைக் கட்டுப்படுத்த அங்கே விதிகள் வந்துவிட்டன. அதாவது மாரிஸ் ஆக்ஸ்போர்டு நம் நாட்டில் அம்பாசிடராக வருவதற்கு இருபத்தைந்து வருடம் முன்பே அந்த நாட்டுக்கு விஷயம் தெரியும். கார் கப்பலேறி வந்தது. எச்சரிக்கை வரவில்லை.

இந்தியாவில் 1995-ல்தான் உச்ச நீதிமன்றம், கல்நார் தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சாசனம் தந்த உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து குறைந்தது 40 வருடம் அவர்களின் மருத்துவப் பதிவுகளைக் காக்கவும் சொன்னது. ஆனால் அந்த வழக்கு ஆலை, சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றியது. பெயரே எந்தப் பதிவேட்டிலும் இல்லாத பட்டறைப் பையனுக்கு யார் 40 வருடம் ஃபைல் வைப்பார்கள்? பிரிட்டன் 1999-ல் கல்நாரை முழுவதும் தடை செய்தது. இந்தியாவில் இன்னும் முழுத் தடை இல்லை.

காமர்ஸ்காரன் கண்ணில் பார்த்தால் கணக்கு இதுதான். கயிறு வாங்கிய செலவு கார்க்காரர் கணக்கில் அன்றே முடிந்துவிட்டது. மீதி பாக்கி எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் இல்லாமல், பிரித்தவன் நெஞ்சுக்குள் போய் உட்காருகிறது.

நான் மாமாவிடம் சொன்னேன். மாமா சிரித்தார்: "மாப்ளே, நாங்க பார்க்காததா?" ஆனாலும் கயிற்றைத் தண்ணீரில் நனைக்க விட்டார். ஈரமாக இருந்தால் தூசு பறக்காது. மீதியை நனைத்தே எடுத்து, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டினோம். காற்றடித்துச் சுத்தம் செய்யவே கூடாது. முகத்தில் கைக்குட்டை கட்டினாலும் இந்தத் தூசு நிற்காது.

சரி, அடுத்து என்ன சுற்றுவது? இப்போது கண்ணாடி இழை, பசால்ட் இழை நாடாக்கள் கிடைக்கின்றன. நனைத்து, ஓரம் ஓரத்தின் மேல் ஏறும்படி இறுக்கிச் சுற்றி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டையால் கட்டுவார்கள். முதல் தடவை சூடாகும்போது புகை வரும், பயப்பட வேண்டாம். ஆனால் இது ஸ்டீல் குழாய்களுக்குத்தான் ஏற்றது. வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் சுற்றினால் சூடு உள்ளேயே தங்கி, விரிசல் விடலாம். அதனால் மாமா காருக்கு நாடாவே வேண்டாம் என்று முடிவு செய்தோம். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் காற்றோட இடம் விட்டு ஒரு தகடு. அவ்வளவுதான்.

கார் இப்போதும் சில நாள் நிற்கிறது, ஈரத்துணி டிக்கியிலேயே இருக்கிறது. உங்கள் வீட்டிலும் பழைய வண்டி இருந்தால் பானெட்டைத் திறந்து பாருங்கள். வெள்ளைக் கயிறு இருந்தால் தொடாதீர்கள். பிரிக்கப் போகிற பையனிடம் முதலில் சொல்லுங்கள்.