கிடை போட்ட சொல்

போன மாதம் ஒரு மீட்டிங்கில் மேலாளர் எங்களை ‘பிலீகர்ட் டீம்’ என்றார். பரிவாகத்தான் சொன்னார். ஆறு வாரமாக ராத்திரி பகல் பார்க்காமல் வேலை. இரண்டு பேர் ராஜினாமா செய்திருந்தார்கள். எனக்கோ கவனம் அந்தச் சொல்லில் போய் நின்றுவிட்டது. ‘லீக்’ உள்ளே இருப்பதால், நாலு பேர் கூட்டணி சேர்ந்து ஒருத்தனை மொத்துவது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அகராதியில் கதை வேறு. ‘பிலீகர்’ டச்சு மொழியின் ‘பெலேகெரன்’ என்ற வினைச்சொல்லிலிருந்து வந்தது. ‘லேகெர்’ என்றால் படை முகாம். அதன் வேர், கிடத்தல். விலங்கின் குகையைக் குறிக்கும் ‘லேர்’, ஜெர்மனின் ‘லாகர்’ எல்லாம் இதன் பங்காளிகள். நம்மூரில் ஆட்டு மந்தையை வயலில் இரவு தங்கவைப்பதைக் கிடை போடுதல் என்கிறோமே, கிட்டத்தட்ட அதே கற்பனை. பிலீகர் செய்வது என்றால் ஓர் ஊரைச் சுற்றிக் கிடை போடுவது. இன்னொரு சொல்லான ‘சீஜ்’, உட்காருவதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஒன்று உட்காருகிறது, மற்றொன்று படுத்துக் கிடக்கிறது. இரண்டிலுமே வாள்வீச்சு இல்லை, காத்திருப்புதான் இருக்கிறது.

அந்தக் காத்திருப்பு என்ன செய்யும் என்பதற்கு லைடன் நகரம் சாட்சி. ஸ்பெயினின் ஆட்சிக்கு எதிராக டச்சுக்காரர்கள் கிளர்ந்தெழுந்த காலம். 1574 மே மாதம் ஸ்பானியத் தளபதி வால்டெஸ் லைடனை இரண்டாம் முறையாக வளைத்தார். மதிலை இடிக்க அவர் அவசரப்படவில்லை. சுற்றிலும் சிறு கோட்டைகளை அமைத்துப் பாதைகளை அடைத்தார். மிச்சத்தைப் பசியும் நோயும் பார்த்துக்கொண்டன, ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். கடைசியில் டச்சுக்காரர்கள் தங்கள் அணைகளைத் தாங்களே உடைத்து, நிலத்தை வெள்ளக்காடாக்கி, தட்டையான படகுகளில் வந்து அக்டோபர் 3 அன்று ஊரை மீட்டார்கள்.

இந்தப் போர்களில் 1572 முதலே ஆங்கிலேயத் தன்னார்வப் படையினர் இருந்தார்கள். 1585இல் எலிசபெத் அரசி லெஸ்டர் பிரபு தலைமையில் படையையே அனுப்பினார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இந்தச் சொல் ஆங்கிலத்தில் ஏறிவிட்டது. சிப்பாய்கள் ஊருக்குக் கொண்டுபோன சரக்கு என்று சொல்லலாம்.

பிறகு மெதுவாக ஒரு மாற்றம். முற்றுகை போய், தொல்லை என்ற பொருள் முன்னுக்கு வந்தது. இன்று ‘அவன் இவனை பிலீகர் செய்தான்’ என்று யாரும் பேசுவதில்லை. ‘பிலீகர்ட்’ என்ற எச்சம் மட்டும் அடைமொழியாக மிஞ்சியிருக்கிறது. 1990களின் நடுவில் ஆப்பிள் நிறுவனம் தள்ளாடியபோது, பத்திரிகைகள் அதன் பெயருக்கு முன்னால் இதை ஒரு பட்டம் மாதிரியே ஒட்டின. கடைசியில் அது கேலியாகவே ஆகிவிட்டது. அவதிப்படுகிறவர் வாக்கியத்தில் இருக்கிறார். வளைத்தவர் இல்லை. பிறக்கும்போது வளைத்தவனின் வேலையைச் சொன்ன வினைச்சொல், இப்போது அவனை மறைக்கத்தான் உதவுகிறது.

எங்கள் டீமை வளைத்தது யார்? முடியாது என்று நாங்கள் எழுதிக் கொடுத்த தேதிக்குச் சம்மதித்தவர்கள், அந்த மீட்டிங்கில்தான் உட்கார்ந்திருந்தார்கள். “நம்மள யார் சார் வளைச்சிருக்காங்க?” என்று கேட்டேன். “சூழ்நிலைதான்பா” என்றார்.

லைடன்காரர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. மதிலேறிப் பார்த்தால் கிடை தெரியும். போட்டவன் பெயரும் தெரியும்.