81 தடவையா, 9 போதுமா?

இன்னைக்குக் கதையை போடிநாயக்கனூர்ல ஆரம்பிக்கலாம். இங்க ஏலத்துக்கு வர்ற ஏலக்காய்க்கு நல்ல விலை கிடைக்கணும்னா காய் பருமனா இருக்கணும், பச்சை நிறம் மங்கக் கூடாது. அந்த நிறம் மலைத்தோட்டத்துல, உலர்த்துற அறையில முடிவாகுது. வழக்கமா 45-ல இருந்து 55 டிகிரி சூடு, கிட்டத்தட்ட ஒரு நாள். சூடு எகிறினா காய் வெடிக்கும், பழுப்பாகும்.

சூடு, நேரம், தட்டுல காய் பரப்புற கனம், ஈரக்காத்தை வெளியேத்துற அளவு. நாலு விஷயம். ஒவ்வொண்ணுக்கும் மூணு அளவு வச்சுப் பார்த்தா மொத்தம் 81 தடவை. தப்பாப் போற ஒவ்வொரு தடவையும் ஒரு அறைக் காய்க்கு விலை குறையும்.

மெஷின் லேர்னிங்ல ஹைப்பர்-பாராமீட்டரும் இதே தலைவலிதான். லேர்னிங் ரேட் எவ்வளவு, டிசிஷன் ட்ரீ எவ்வளவு ஆழம் போகலாம், இதெல்லாம் மாடல் தானா கத்துக்காது. பயிற்சிக்கு முன்னாடியே நாம வைக்கணும். 81-ஐயும் ஓட்டிப் பார்க்கிறதுக்குப் பேர் கிரிட் சர்ச்.

இந்தச் செலவைக் குறைக்கிற வழி கம்ப்யூட்டர் காலத்துக்கு முன்னாடியே வந்துடுச்சு. 1920-கள்ல இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில ரொனால்ட் ஃபிஷர், பல விஷயங்களை ஒரே சோதனையில சேர்த்து மாத்தலாம்னு காட்டினார். கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்துல வளர்ந்த சி.ஆர். ராவ், 1940-கள்ல 'ஆர்த்தோகனல் அரே' அட்டவணைகளை உருவாக்கினார். அதுல நம்ம நாலு விஷயத்துக்கு 9 தடவை போதும். எந்த ரெண்டு விஷயத்தை எடுத்தாலும், அவற்றோட எல்லா ஜோடி அளவுகளும் ஒரு தடவை வந்துடும். 1954-55-ல அதே கழகத்துக்கு வந்த ஜப்பானியர் கெனிச்சி டாகுச்சி, இந்த அட்டவணைகளைத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோனார்.

ஆனா ஒரு சிக்கல். அதிக சூடும் கனமான பரப்பும் சேர்ந்தா மட்டும் வர்ற விளைவை, 9 தடவையில தனியாப் பிரிச்சுப் பார்க்க முடியாது.

2012-ல ஜேம்ஸ் பெர்க்ஸ்ட்ராவும் யோஷுவா பெஞ்சியோவும் வேற வழி சொன்னாங்க: அளவுகளை குருட்டாம்போக்குல எடுங்க. ஏன்னா பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு விஷயம்தான் முடிவை மாத்தும். ரெண்டு விஷயத்துக்கு 9 தடவை கிரிட் போட்டா, முக்கியமான விஷயத்துல மூணே அளவைத்தான் பார்ப்போம். ரேண்டம்ல ஒன்பது அளவு.

நானும் ஆரம்பத்துல கிரிட் சர்ச்சை ஓட விட்டுட்டு நிம்மதியாத் தூங்கினவன்தான். சர்வர் பில் என் பாக்கெட்ல இருந்து போகலையே! ஏலக்காய் விவசாயிக்கு அந்தத் தூக்கம் வராது. அடுத்த தடவை ட்யூன் பண்ணும்போது, முதல்ல எத்தனை தடவை தப்பு பண்ணக் கட்டுப்படியாகும்னு எழுதி வச்சுட்டு ஆரம்பிங்க.