உறைந்த காந்தங்கள் – 7: குற்றமில்லாப் படிகம்

தங்கத்தில் துளி இரும்பைக் கலந்து கனெல்லாவும் மைடாஷும் 1972-ல் வெளியிட்ட வரைகோட்டின் கூர்முனையில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அந்த முனைக்கு 1975-ல் சாம் எட்வர்ட்ஸும் ஃபிலிப் ஆண்டர்சனும் ஒரு கோட்பாடு தந்தார்கள். அணுக்காந்தங்கள் ஒழுங்கில்லாமல், ஆளுக்கொரு திசையில் உறைந்து நிற்கும் 'ஸ்பின் கண்ணாடி' நிலை உருவாக இரண்டு வேண்டும் என்பது அதிலிருந்து எல்லோரும் எடுத்துக்கொண்ட பாடம். அண்டை அணுக்காந்தங்கள் ஒன்றுக்கொன்று முரணான கட்டளை இட வேண்டும். அந்தக் கட்டளைகள் தாறுமாறாகவும் அமைய வேண்டும். தங்கத்துக்குள் இரும்பு எங்கெங்கோ சிதறிக் கிடப்பதால் இரண்டும் தாமாகவே கிடைத்துவிடுகின்றன.

பத்தாண்டுகள் இதை யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. கேள்வி வந்தது ஒரு ஆக்சைடிலிருந்து.

கனடாவின் ஹாமில்டன் நகரில் இருக்கிறது மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம். அங்கே ஜான் கிரீடன் என்ற வேதியியலாளர் பைரோகுளோர் வகை ஆக்சைடுகளை ஆராய்ந்துவந்தார். அவற்றுள் ஒன்று, இரண்டு பங்கு இட்ரியம், இரண்டு பங்கு மாலிப்டினம், ஏழு பங்கு ஆக்சிஜன் சேர்ந்த சேர்மம். இட்ரியத்துக்குக் காந்தம் கிடையாது, காந்தமெல்லாம் மாலிப்டினத்தில்தான். அந்த மாலிப்டினம் அணுக்கள் நான்முகிகளின் மூலைகளில் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு மூலையையும் இரண்டு நான்முகிகள் பங்கிட்டுக்கொள்கின்றன. இங்கே கலப்படம் இல்லை, சிதறல் இல்லை. எந்த மாலிப்டினம் அணுவை எடுத்தாலும் அதன் சுற்றுப்புறம் அச்சாக ஒன்றே.

ஆனால் திண்டாட்டம் உண்டு. அண்டை அணுக்காந்தங்கள் எதிரெதிர்த் திசையில் நிற்க விரும்புகின்றன. இரண்டு பேர் எதிரெதிராக நிற்கலாம். மூன்றாமவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருவரோடு முரண்படத்தான் வேண்டும். நான்முகியிலோ நான்கு பேர்! எல்லோரையும் திருப்திப்படுத்தும் ஏற்பாடு எதுவும் இல்லை; பாதி திருப்தி தரும் ஏற்பாடுகளோ எண்ணிலடங்காதவை. இப்படிப்பட்ட அமைப்பு எவ்வளவு குளிர்ந்தாலும் உறையாது, அதன் காந்தங்கள் திரவம்போல அலைந்துகொண்டே இருக்கும் என்று பிரெஞ்சு இயற்பியலாளர் ழாக் வில்லேன் 1979-லேயே எழுதியிருந்தார்.

1986-ல் கிரீடன் குழுவினர் வெளியிட்ட அளவீடு இதற்கு நேர்மாறாக இருந்தது. இந்தச் சேர்மத்தில் அண்டைக் காந்தங்களுக்கு இடையிலான விசை, வெப்பநிலைக் கணக்கில் சுமார் 200 கெல்வின். சாதாரணக் காந்தப்பொருளாக இருந்தால் அதையொட்டியே ஒழுங்கு பிறந்திருக்கும். இங்கே 200-லும் ஒன்றும் நடக்கவில்லை, 100-லும் இல்லை, 50-லும் இல்லை. சுமார் 22 கெல்வினில், அதாவது மைனஸ் 251 டிகிரி செல்சியஸில், அது நடந்தது. காந்தப்புலம் இல்லாமல் குளிர்வித்த தூளும் புலத்தில் வைத்துக் குளிர்வித்த அதே தூளும் அதுவரை ஒரே கோட்டில் வந்துகொண்டிருந்தன. அங்கே இரண்டாகப் பிரிந்தன. எந்த வழியாகக் குளிர்ந்தோம் என்பதை நினைவில் வைத்திருக்கும் பொருள்! ஸ்பின் கண்ணாடியின் அடையாளம் அது. ஒழுங்கின்மை என்று சொல்லத்தக்கது எதுவும் தென்படவில்லை என்பதைக் கட்டுரையின் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள்.

1988-ல் நியூட்ரான்களைக் கொண்டு படிக அமைப்பை அலசினார்கள். குற்றம் சொல்ல இடமில்லை. 'இது உண்மையான கண்ணாடியே இல்லையோ' என்ற சந்தேகத்துக்கும் 1997-ல் பதில் வந்தது. மிஷேல் ஜிங்க்ராஸ், கிரீடன் முதலானோர் புலத்துக்கு நேர்விகிதத்தில் அமையாத துலங்கலை அளந்தார்கள். உறைநிலையை நெருங்க நெருங்க அது மளமளவென்று ஏறியது. தாறுமாறான பழைய உலோகக் கலவைகளில் காணும் அதே ஏற்றம். என் பார்வையில் இந்தத் துறையிலேயே ஆகப் பெரிய சிக்கல் இதுதான்: ஒழுங்கான படிகத்துக்குள் ஒழுங்கின்மையின் எல்லா அறிகுறிகளும்.

நியூட்ரான் விளிம்புவிளைவு பொய் சொல்லவில்லை. ஆனால் அது தருவது கோடானுகோடி அணுக்களின் சராசரி இருப்பிடம். தேர்வடம் பிடித்து நிற்கும் கூட்டத்தைத் தொலைவிலிருந்து பார்த்தால் நேர்கோடுதான். யார் அரையடி விலகி நிற்கிறார் என்பது பக்கத்தில் போனால்தான் தெரியும். அப்படிப் பக்கத்தில் போகும் முறை ஒன்று உண்டு. எக்ஸ் கதிரால் ஓர் அணுவிலிருந்து எலக்ட்ரானைக் கிளப்பினால், அது அண்டை அணுக்களில் மோதித் திரும்பும். அதனால் கதிர் உட்கவர்தலில் எழும் சிற்றலைகளைக் கொண்டு அண்டை அணு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணக்கிடலாம்.

கார்வின் பூத், ஜேசன் கார்ட்னர் உள்ளிட்டோர் இதைச் செய்து 2000-ல் வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையில் எம்.ஏ. சுப்ரமணியன் என்ற பெயரும் இருக்கிறது. பைரோகுளோர் ஆக்சைடுகளைப் பற்றி இன்றும் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் 1983-ம் ஆண்டின் பெருந்தொகுப்பை, சென்னை ஐஐடியில் பயின்ற இவர்தான் அரவமுதன், சுப்பாராவ் ஆகியோருடன் சேர்ந்து எழுதினார். நம் ஊரில் எழுதப்பட்ட அந்தத் தொகுப்பைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாதது எனக்கு வருத்தம்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க, ஒழுங்கானதென்று உறுதியான தாலியம்-மாங்கனீசு பைரோகுளோரையும் அளந்தார்கள். அது ஒழுங்காகவே இருந்தது. மாலிப்டினம் சேர்மத்தில் மட்டும் ஒரு மாலிப்டினத்துக்கும் அடுத்த மாலிப்டினத்துக்கும் இடையிலான தொலைவு இடத்துக்கு இடம் வேறுபட்டது. பதினான்கு ஆண்டுகளாகக் குற்றமற்றதாக நின்ற படிகத்துக்குள் அணுக்கள் தம் இடத்தில் இல்லை.

அப்படியானால் அவற்றை நகர்த்தியது யார்? தூளைச் சுட்டெடுத்த உலையிலேயே நேர்ந்த பிசகா? அப்படியென்றால் குளிர்வித்தாலும் அது பாட்டுக்கு அப்படியே கிடக்க வேண்டும். அல்லது திண்டாடிய காந்தங்களே, முரண்பாட்டைக் குறைத்துக்கொள்ள, தாம் குடியிருக்கும் அணுக்களை இழுத்துத் தள்ளினவா? அப்படியென்றால் குளிரக் குளிர ஏதாவது மாறியாக வேண்டும்.

இதை விசாரிக்க அமித் கேரன், கார்ட்னருடன் சேர்ந்து, காந்தமே இல்லாத இட்ரியத்தின் அணுக்கருவைத் தேர்ந்தெடுத்தார். எல்லா இட்ரியமும் ஒரே மாதிரி இடத்தில் இருந்தால் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வில் ஒரே ஒரு முகடுதான் எழ வேண்டும். தூளைக் குளிர்விக்கத் தொடங்கினார்கள். முகடு இடம் மாறியது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து அகலத் தொடங்கியது. அகன்ற அந்த முகட்டுக்குள் ஏதோ ஒளிந்திருந்தது.

(தொடரும்)