கதவில் எழுதிய சாக்பீஸ் எண்

எங்கள் ஆய்வகத்துக்குப் பச்சை பெயின்ட் அடித்த தகரக் கதவு. எழுதி, அழித்து, மறுபடி எழுதியதில் அதன் உட்புறத்தில் ஒரு வெள்ளைத் திட்டே படிந்திருந்தது. கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கிக் கட்டுமானக் கம்பி செய்யும் ஓர் ஆலையில் 1993-இல் கெமிஸ்டாகச் சேர்ந்தேன். உலையிலிருந்து சாம்பிளை இடுக்கியில் கொண்டுவரும் மெல்டர் அண்ணன், அதை மேசையில் வைத்ததும் கதவுப் பக்கம் திரும்பி ஓர் எண் எழுதுவார்: 22. கார்பன் இருபத்திரண்டு பாயிண்ட், அதாவது 0.22 சதவீதம் என்பது அவர் கணிப்பு. பிறகு சாக்பீஸை என்னிடம் நீட்டுவார். "நீயும் எழுதும்மா. டெஸ்ட் முடிஞ்சப்புறம் யார் வேணும்னாலும் சொல்லலாம்."

செயற்கை நுண்ணறிவைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்தக் கதவுதான் நினைவுக்கு வருகிறது. அந்த வழக்கம் ஏன் வந்தது, எப்படிப் போனது என்பதை எழுதிவைக்க வேண்டும்.

தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் தொடங்கப்பட்டது 1971-இல். அது கும்மிடிப்பூண்டியில் தொழில் வளாகம் அமைத்ததும், சிறுபுழல்பேட்டை, பாப்பன்குப்பம் பக்கமெல்லாம் கொட்டகைகள் எழுந்தன. கல்கத்தா நெடுஞ்சாலையும் கூடூர் ரயில் பாதையும் ஊரை ஒட்டியே போகின்றன. சென்னைத் துறைமுகமும் தொலைவில்லை. உடைத்த கப்பல், நசுங்கிய கார், தேய்ந்த தண்டவாளம் என்று உலகத்தின் கழிவிரும்பு இங்கே வந்து இறங்கியது. வருகிற லோடு ஒவ்வொன்றும் வேறு வேறு. அதனால் ஒவ்வொரு ஹீட்டும், அதாவது ஒருமுறை உருக்கி எடுக்கும் உருக்கும், புதுக் கணக்கு.

நான் சேர்ந்தபோது கார்பனைப் பார்க்க ஸ்ட்ரோலைன் கருவிதான் இருந்தது. சாம்பிளைத் துளையிட்டு வரும் துருவலை எடைபோட்டு, ஆக்சிஜனில் எரித்து, கிளம்பும் வாயுவைப் பொட்டாஷ் கரைசலில் விட்டு, எவ்வளவு குறைந்தது என்று அளக்க வேண்டும். நான் அளந்து முடிக்கும்வரை 1,600 டிகிரி உலை மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். மெல்டரால் அதுவரை சும்மா நிற்க முடியாது. நீலக் கண்ணாடி வழியாக உலையின் நிறத்தைப் பார்ப்பார். சாம்பிளைக் கிரைண்டிங் வீலில் ஒரு முறை தொட்டு எடுப்பார். கார்பன் குறைந்த இரும்பில் பொறி நீளக் கோடாக ஓடும். கார்பன் ஏற ஏற நுனியில் கிளைவிட்டு மத்தாப்பு மாதிரி வெடிக்கும். முதலில் எனக்கு வெறும் வெளிச்சம்தான் தெரிந்தது. எட்டு மாதம் தினமும் எழுதித் தப்பான பிறகு, என் எண் அளவைக்கு மூன்று பாயிண்ட் அருகில் வரத் தொடங்கியது. அன்றைக்கு அண்ணன் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

2001-இல் ஸ்பெக்ட்ரோ வந்தது. ஆர்கான் வாயுவுக்குள் சாம்பிளின் முகத்தில் மின்பொறி பாயும்; ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய அலைநீளத்தில் ஒளிவிடும்; ஒரு நிமிடத்துக்குள் கார்பன், மாங்கனீஸ், கந்தகம், பாஸ்பரஸ் எல்லாம் திரையில். அதை நான் மனதார வரவேற்றேன். பாஸ்பரஸை எந்தக் கண்ணும் எண்ணாகச் சொல்லாது. 2010-இல் டெல்லி மாயாபுரியின் பழைய இரும்புக் கடைக்குக் கதிரியக்கக் கோபால்ட்-60 வந்து சேர்ந்து ஒருவர் இறந்தார். அந்தக் கதிர்வீச்சைக் காட்டக் கருவியை விட்டால் வழியில்லை.

ஆனால் ஸ்பெக்ட்ரோவுக்கு ஒரு குணம் உண்டு. சாம்பிளில் ஊசித்துளையோ கசடோ இருந்தாலும் அது எண் தரும். நல்ல சாம்பிளுக்குத் தருகிற அதே தசமத் துல்லியத்தோடு தரும். சரியான பொறி பட்ட இடத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருக்கும்; தப்பான இடம் வெளிறிக் கிடக்கும். அதைத் திருப்பிப் பார்க்கிற கண்தான் காவல். கதவில் எழுதிய எண்ணுக்கும் திரையில் வந்த எண்ணுக்கும் ஐந்து பாயிண்டுக்கு மேல் விலகினால் சாம்பிளைக் கையில் எடுப்போம். அவசரத்துக்குப் பிறந்த வழக்கம், கருவி வந்தபின் கருவிக்கே காவலாயிற்று.

அண்ணன் 2011-இல் ஓய்வுபெற்றார். ஆய்வகத்துக்கு ஏசி போட்டார்கள். தகரக் கதவு போய்க் கண்ணாடிக் கதவு வந்தது. கண்ணாடியில் சாக்பீஸ் பிடிக்காது. அந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. அதுவாக நின்றுபோனது.

2023-இல் உலைக்கு ஒரு மென்பொருள் வந்தது. ஸ்பெக்ட்ரோவின் எண்களை வாங்கி, எதை எத்தனை கிலோ போடவேண்டும் என்று சொல்லும். ஒரு நாள் இரவு ஷிப்டில் சாம்பிள் கார்பன் 0.14 காட்டியது. மென்பொருள் கார்பன் சேர்க்கச் சொன்னது, சேர்த்தார்கள். வார்த்த பில்லெட்டில் 0.34 வந்தது. ஐ.எஸ். 1786 தரநிலை எஃப்.இ. 500 கம்பிக்கு விதிக்கும் உச்சம் 0.30. ஹீட் முழுவதும் மறுபடி உலைக்குப் போனது.

அதைவிட எனக்கு வலித்தது மறுநாள் வந்த மூல காரண அறிக்கை. பயிற்சிக்கு வந்த தம்பி அதைச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதியிருந்தார். மின்னழுத்த மாறுபாடு, ஸ்கிராப்பில் ஈரப்பதம், பணியாளர் பயிற்சி என்று மூன்று பக்கம், பிழையில்லாத நடை. மேலே இருந்தவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நான் அலமாரியைத் திறந்தேன். இரவு எடுத்த சாம்பிள் அங்கேயே கிடந்தது. நடுவில் ஊசித்துளை, பொறி பட்ட இடம் வெளிறிப்போய். ஒருவரும் அதைக் கையில் எடுக்கவில்லை. ஒரு தவறு எப்படி நடந்திருக்கும் என்று தேடுவது கற்பனை வேலை. கண்ணெதிரே நடக்காததை மனதில் நடத்திப் பார்க்கவேண்டும். அந்தத் தம்பி கெட்டிக்காரர். அவருடைய கற்பனைக்கு அன்று வேலையே கொடுக்கப்படவில்லை.

இதை முன்கூட்டியே சொன்னவர்கள் உண்டு. தானியங்கி முறையில் சுலபமான வேலையெல்லாம் கருவிக்குப் போய், சிக்கலான வேளை மட்டும் மனிதனுக்கு மிஞ்சும். அந்த வேளைக்கு வேண்டிய திறன் பழக்கமின்றித் தேய்ந்திருக்கும் என்று 1983-இல் எழுதினார் லிசான் பெயின்பிரிட்ஜ். 2025-இல் போலந்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. பெருங்குடலை உள்நோக்கிக் கட்டி தேடும் மருத்துவர்களிடம் செயற்கை நுண்ணறிவுத் துணையைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு, துணை இல்லாமல் அவர்கள் செய்த பரிசோதனைகளில் கட்டி கண்டுபிடித்த விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4 ஆக இறங்கியிருந்தது. தேர்ந்த கண்கள்தான். துணை வந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

இரும்பு விஷயத்தில் நம் மண்ணுக்கே இந்த இழப்பு தெரியும். ஈரோடு மாவட்டக் கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய இரும்புப் பட்டறைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய எஃகு உலகெங்கும் பேர்பெற்றது. சீமை இரும்பு வந்து குவிந்ததும் அந்த உலைகள் 19-ஆம் நூற்றாண்டில் அணைந்தன. செய்முறை கையிலும் கண்ணிலும் இருந்ததால் கையோடு போயிற்று. 1990களில் வெர்ஹோவன் என்ற உலோகவியலாளரும் பென்ட்ரே என்ற கொல்லரும் அமெரிக்காவில் ஆண்டுக்கணக்காக முயன்றுதான் அந்த எஃகில் அடித்த வாளில் ஓடும் வரிகளை மறுபடி வரவழைத்தார்கள்.

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் இதைவிடப் பழைய பட்டறை ஒன்று உண்டு. கொசஸ்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் வில்லியம் கிங்கும் கற்கோடரிகளைக் கண்டார்கள். அங்கே கிடைத்தவற்றில் பழையவை 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று சாந்தி பப்புவின் குழு 2011-இல் வெளியிட்டது. பூண்டி அருங்காட்சியகத்தில் அந்தக் கற்களைப் பார்த்தபோது எனக்கு அண்ணன் நினைவு வந்தது. கல் எந்தப் பக்கம் பிளக்கும் என்று அடிக்கும் முன்னால் மனதில் பார்த்திருக்கவேண்டும். அடித்தபின் யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

நான் ஓய்வுபெற இன்னும் ஓராண்டு இருக்கிறது. ஸ்பெக்ட்ரோ பக்கத்தில் நூல் கட்டி ஒரு நீளக் கணக்கு நோட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன். இரண்டு பத்தி: இடதில் நம் எண், வலதில் கருவியின் எண். இடது பத்தி நிரம்பாமல் பொறி தட்டக் கூடாது. இந்த ஒரு விதியைத்தான் ஆய்வகத்தில் நான் கண்டிப்போடு வைத்திருக்கிறேன். அறிக்கை எழுதிய அதே தம்பி முதல் வாரம் 40 என்று எழுதினார். வலதில் 21 வந்தது. முகம் சுருங்கியது. கிரைண்டிங் வீலுக்குக் கூட்டிப்போய் பொறியைக் காட்டினேன். போன வெள்ளிக்கிழமை அவர் 24 எழுதினார். கருவி 17 என்றது. என்னைக் கூப்பிடாமல், சாம்பிளைத் தானே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.